பள்ளிக் குப்பை வாய்க்காலுக்குப் போகாமல் இருக்க எங்கே தொடங்குவது?

கரையோர டீச்சர்:
வணக்கம். திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கிறேன். பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகிற வாய்க்கால். எங்கள் பள்ளிச் சாக்கடை நேராக அதில்தான் விழுகிறது. மிட்டாய்த் தாள், தண்ணீர் பாட்டில், தீர்ந்த பேனா எல்லாம் கூடவே போகும். மறுசுழற்சித் திட்டம் தொடங்கலாமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். "செய்ங்க டீச்சர், பணம் மட்டும் கேக்காதீங்க" என்றார். பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படையில் ஆர்வமான பிள்ளைகள் இருக்கிறார்கள். நன்கொடை பிடித்து, கலர் கலராகத் தொட்டி வாங்கி வைத்தால் போதுமா?

காலிங்கராயன் பாசனம்:
டீச்சர், தொட்டியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தொட்டி வந்ததும் திட்டமே முடிந்த மாதிரி எல்லோருக்கும் ஒரு நினைப்பு வந்துவிடும். நான் ஈரோட்டில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், பசுமைப் படை என் பொறுப்பில் இருந்தது.

முதலில் ஒரு நாள் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரியுங்கள், கையுறையோடு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஆரம்பிப்பார்கள், அப்புறம் எது எந்த வகுப்புக் குப்பை என்று துப்பறியத் தொடங்கிவிடுவார்கள். எங்களுக்கு அதிகம் கிடைத்தது சிப்ஸ் கவர். உள்பக்கம் பளபளக்கிறதே, அது பிளாஸ்டிக்கில் ஏற்றிய அலுமினியப் பூச்சு. அடுக்கைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது என்பதால் பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். காற்றில் பறந்து போய்ச் சாக்கடையை அடைப்பதும் அதுதான். இதற்கு வாசல் பெட்டிக்கடையில்தான் பேசவேண்டும். எங்கள் கடைக்கார அம்மா, "சிப்ஸ்லதான் சார் ரெண்டு காசு நிக்குது" என்றார். நியாயம்தானே. ஆசிரியர்கள் இடைவேளைச் சுண்டலை அவரிடமே வாங்க ஆரம்பித்த பிறகு சிப்ஸ் சரம் வாசலிலிருந்து உள்ளே போனது. சுண்டலுக்குத் தையல் இலை. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

அடுத்தது குப்பைக் கணக்கில் யாரும் சேர்க்காத இடம்: சத்துணவுத் தட்டு கழுவுகிற குழாயடி. மிச்சச் சோறும் சாம்பாரும் அப்படியே சாக்கடையில் இறங்கும். அதை மக்க வைக்கிற நுண்ணுயிரிகள் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன் சாகும், நாற்றம் கிளம்பும். குழாய்க்கு முன்னால் தட்டை வழித்துப் போட ஒரு வாளி, சாக்கடை வாயில் ஒரு கம்பி வலை வையுங்கள். வாளிச் சோறு மாடு வைத்திருப்பவருக்கு, காய்கறித் தோல் உரக்குழிக்கு. வலையை யார் சுத்தம் செய்வது என்று முறை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் குழாயடியில் குளம் கட்டும்.

பழைய பேப்பர் கடை:
எங்கள் வீட்டுத் தொழிலே இதுதான். எந்தக் கடைக்குப் போடப்போகிறீர்களோ, அவர் என்ன எடுப்பார் என்று கேட்டுவிட்டுப் பிரியுங்கள். நோட்டு, புத்தகம், அட்டைப்பெட்டி நனையாமல் வந்தால் எடுப்போம். பால் கவரைக் கழுவிக் காயவைத்துத் தரவேண்டும், இல்லாவிட்டால் புழு வைக்கும். பாட்டில் மூடி வேறு பிளாஸ்டிக், தனியாகப் போடுங்கள். நறுக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டில் துண்டு முங்கும், மூடித் துண்டு மிதக்கும். வகுப்பிலேயே செய்து காட்டலாம். பேப்பர் கப் வேண்டாம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. பேனாவும் வேண்டாம், அதைப் பிரித்துக்கொண்டு உட்கார ஆள் இல்லை. சிப்ஸ் கவரை மூட்டை கட்டி மாநகராட்சி வண்டியில் கொடுங்கள். இந்த மாதிரிச் சரக்கு சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. வாட்ச்மேன் மூலையில் கொளுத்துவதற்கு அது எவ்வளவோ தேவலை.

சும்மா ஒரு கேள்வி:
ஊர்ச் சாக்கடையே வாய்க்காலில் விழும்போது ஒரு பள்ளிக்கூடம் கவர் பொறுக்கி என்ன ஆகப்போகிறது? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. ஆனாலும் எங்கள் தெரு டீக்கடையில் இன்றைக்கும் சாம்பார் கவரில்தான் வருகிறது.

காலிங்கராயன் பாசனம்:
தம்பி சொல்வதில் பாதி சரி. எங்கள் ஊர்ச் சாயத் தண்ணீரைப் பள்ளிப் பிள்ளைகளால் நிறுத்த முடியாது, அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றவும் கூடாது. அது அரசாங்கத்தின் வேலை. ஆனால் குழாயடி பள்ளிக்கூடத்துடையது. அதற்கு எந்த அலுவலகத்துக்கு மனுப் போடுவீர்கள்?

கரையோர டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. வாளி நாளைக்கே வைத்துவிடலாம், வலைக்குச் சமையல் அக்காவிடம் பேசவேண்டும். கடைக்குப் போட்டு வருகிற பணத்தை என்ன செய்வது? பள்ளி அலுவலகக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

காலிங்கராயன் பாசனம்:
முடிந்தால் சேர்க்காதீர்கள். பிள்ளைகளே ஒரு நோட்டில் வரவு செலவு எழுதட்டும், தலைமை ஆசிரியர் மாதாமாதம் கையெழுத்துப் போடட்டும். எங்கள் பிள்ளைகள் அந்தக் காசில் கேரம் போர்டு வாங்கினார்கள். அதற்காகவே வீட்டுப் பேப்பரும் வர ஆரம்பித்தது.

இன்னொன்று. கோடை விடுமுறைக்கு முன்பே பின்சுவரோரம் ஒதுங்கிக் கிடப்பதை எடுத்துவிடுங்கள். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வந்தால், கிடப்பதெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த வேலைக்குப் பெரியவர்கள் மட்டும் இறங்குங்கள், கண்ணாடிச் சில்லு கிடக்கும்.