ஜேர்மன் லொக்கேலில் 1.250 என்பது 1250 ஆகுது, லினக்ஸில் எப்படிச் சரிக்கட்டுறது?

இரணைமடு:
ஜேர்மனியில இருந்து வந்த மடிகணினி. உபுண்டு, க்னோம். மெனுவை ஆங்கிலத்துக்கு மாத்தியாச்சு, எண் வடிவம் (லொக்கேல், அதாவது எண், திகதி எழுதுற நாட்டு முறை) இன்னும் ஜேர்மன்தான். நெல்லு நிறுத்த கணக்கு சிஎஸ்வி ஃபைலா வருது. 1.250 தொன்னை லிப்ரே ஒஃபிஸ் கல்க் 1250 எண்டு எடுக்குது. 64.5 கிலோ எழுத்தா நிக்குது, கூட்டினால் சேராது. வயல் வரைபடம் கீறுற செயலியில 9.39 குடுத்தால் 9 மட்டும் வருது. எல்சி_ஆல்=சி எண்ட சூழல் மாறியைப் போட்டால் வரைபடம் சரி, ஆனா டேர்மினலில தமிழ் ஃபைல் பெயரெல்லாம் \340\256 எண்டு நிக்குது.

கனகராயன்:
அண்ணை, எல்சி_ஆல் வேண்டாம். அது எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லுற எல்சி_சிடைப்பையும் சேர்த்து மூடிப்போடும், யூனிகோட் போறது அதாலதான். வரைபடச் செயலி சி மொழியின்ர எஸ்டிஆர்டிஓடி ஃபங்சனால எண்ணை வாசிக்குது போல. ஜேர்மன் லொக்கேலில தசமம் காற்புள்ளி, புள்ளி ஆயிரம் பிரிக்கத்தான், அதால புள்ளியைக் கண்டதும் வாசிப்பை நிப்பாட்டும். அந்தச் செயலிக்கு மட்டும் எண் வடிவத்துக்கான மாறியை எல்சி_நியூமரிக்=சி.யுடிஎஃப்-8 எண்டு குடுங்கோ. எல்சி_ஆல் எங்கேயாவது மிஞ்சிக் கிடந்தால் இது வேலை செய்யாது, அதை முதல் எடுத்துவிடுங்கோ.

நிரந்தரமா வைக்க, யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேசன்ஸில உள்ள அதின்ர டெஸ்க்டொப் ஃபைலை வீட்டு அடைவில .லோக்கல்/ஷேர்/அப்ளிகேசன்ஸுக்குள்ள கொப்பி பண்ணி, எக்ஸெக்= வரியில கட்டளைக்கு முன்னால என்வி எண்டும் இந்த மாறியையும் போடுங்கோ. டிபஸ்அக்டிவேட்டபிள்=ட்ரூ எண்டு ஒரு வரி இருந்தால் ஃபோல்ஸ் ஆக்குங்கோ. இல்லாட்டி எக்ஸெக் வரியை ஆரும் பாக்க மாட்டினம்.

இரணைமடு:
வரைபடம் சரி, தம்பி. கல்க்குக்கும் அதே மாறியைக் குடுத்துப் பாத்தன், அசையேல்லை.

முத்தையன்கட்டு:
அசையாது. லிப்ரே ஒஃபிஸ் எல்சி_நியூமரிக்கைப் பாக்கிறேல்லை, தன்ர லொக்கேல் அமைப்பைத்தான் பாக்கும். டூல்ஸ், ஒப்சன்ஸ், லாங்குவேஜ் செற்றிங்ஸுக்குள்ள (புதுப் பதிப்புகளில லாங்குவேஜஸ் அன்ட் லொக்கேல்ஸ்) லொக்கேலை இங்கிலிஷ் (யூகே) ஆக்குங்கோ. சிஎஸ்வி திறக்கேக்க வாற பெட்டியிலும் மேல லாங்குவேஜ் எண்டு ஒரு தெரிவு இருக்கு, அதையும் இங்கிலிஷ் ஆக்குங்கோ. ஆரோ அனுப்பின ஒரு ஃபைலுக்கு மட்டும் எண்டால் இந்தப் பெட்டியே போதும்.

கணினி முழுக்க மாத்த, க்னோம் செற்றிங்ஸில ஃபோர்மற்ஸை யுனைட்டட் கிங்டம் ஆக்கி, லொக் அவுட் பண்ணி வாங்கோ. புள்ளி வேணும் எண்டு யூஎஸ் தெரிய வேண்டாம். எண், திகதி, காசு, அளவு, தாள் ஐந்தும் ஒண்டாத்தான் மாறும். யூஎஸ் எண்டால் தாள் லெட்டர் ஆகிடும்: 215.9 x 279.4 மிமீ. எங்கட கடைகளில கிடைக்கிற ஏ4 210 x 297. அகலத்தில கூட, உயரத்தில குறைய, பிரின்ட் எடுக்கேக்க ஓரம் வெட்டுப்படும்.

கனகராயன்:
ஏற்கனவே 1250 எண்டு சேமிச்ச ஷீற்றுகளை லொக்கேல் மாத்தம் திருத்தாது. அதுக்குள்ள இருக்கிறது உண்மையான 1250. மூல சிஎஸ்வியை மறுபடி திறந்துதான் எடுக்கவேணும்.