பழைய ஹொண்டாவுக்கு ஹேண்டில் முனைக் கண்ணாடி: மலைப் பாதைக்குச் சரிவருமா?

கொட்டகலை சிடி:
அப்பா ஓட்டிய ஹொண்டா சிடி 125 இப்போது என் கையில். இரட்டை சிலிண்டர் வண்டி. இன்ஜின் நன்றாக இருக்கிறது, குறை கண்ணாடியில்தான். லிவருக்குப் பக்கத்திலிருந்து எழும் தண்டுக் கண்ணாடி இரண்டிலும் பாதி இடத்தை என் முழங்கையும் ரெயின்கோட்டும் எடுத்துக்கொள்கின்றன. கினிகத்தேனை இறக்கத்தில் இரண்டாம் கியரில் வரும்போது அதிர்வில் மீதிப் பாதியும் கலங்கிவிடும். பின்னால் வருவது பஸ்ஸா லொறியா என்பதை ஹோர்ன் சத்தத்தை வைத்துத்தான் அறிகிறேன். ஆகவே தண்டைக் கழற்றிவிட்டு, ஹேண்டிலின் இரண்டு முனையிலும் செருகும் வட்டக் கண்ணாடி போட முடிவெடுத்திருக்கிறேன். போடாதே என்று சொல்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

புசல்லாவை பென்லி:
போடாதீர்கள் தம்பி. முனைக் கண்ணாடி வண்டியின் அகலத்தைப் பக்கத்துக்கு எட்டு, பத்து சென்ரிமீற்றர் கூட்டும். கொழும்பில் அது பெரிய விஷயமில்லை. நம் பாதையில் இடது ஓரத்தில் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டுத் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள். நடைபாதை எங்கே இருக்கிறது? எதிரே பஸ் வந்தால் நாம் ஒதுங்குவது அவர்கள் பக்கம்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்படி ஒதுங்கியபோது ஓர் அம்மாவின் தோளில் தொங்கிய கொழுந்துச் சாக்கு என் இடது முனைக் கண்ணாடியில் மாட்டியது. மெதுவாகப் போனதால் இரண்டு பேரும் விழவில்லை. ஆனால் அந்த அம்மா பயந்துபோய் மதகில் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலையே கழற்றினேன். தண்டுக் கண்ணாடி ஹேண்டிலை விட்டு அவ்வளவு வெளியே நீளாது, உயரத்திலும் இருக்கும். கை மறைக்கிறது என்றால் கொஞ்சம் நீளமான தண்டு போடுங்கள்.

வெளிமடை ரைடர்:
நீளமான தண்டு போட்டால் அதிர்வு இன்னும் கூடுமே அண்ணன். தண்டு நீள நீள நுனி ஆடத்தான் செய்யும். முனைக் கண்ணாடியின் தண்டு குட்டையானது. ஹேண்டில் முனையில் கொஞ்சம் எடை சேர்வதால் கைக்கு வரும் நடுக்கமும் குறைகிறது. என் வண்டியில் இதைத் தெளிவாக உணர்ந்தேன். அது மட்டுமில்லை, உடம்பிலிருந்து தள்ளி நிற்பதால் முழங்கை மறைக்காது.

பழைய வண்டியின் அழகு கெடும் என்று யாராவது வருமுன் சொல்லிவிடுகிறேன்: 1960களிலேயே இங்கிலாந்தில் கஃபே ரேசர், அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த வண்டி, ஓட்டியவர்கள் இந்தக் கண்ணாடியைத்தான் விரும்பினார்கள். பழைய வண்டிக்கு இது புதிதாக வந்த அலங்காரம் இல்லை.

பண்டாரவளை கராஜ்:
அழகைப் பற்றி நான் பேசவில்லை. வலது பக்கத்தைப் பற்றி யாருமே பேசாததால் எழுதுகிறேன்.

நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம், முந்துபவன் வலது பக்கத்தால் வருவான். ஆகவே மிகவும் தேவையான கண்ணாடி வலது கண்ணாடி. அதே முனையில்தான் எக்ஸலேட்டரும் இருக்கிறது. முனைக் கண்ணாடி போட கிரிப் ரப்பரின் மூடிய முனையை வெட்ட வேண்டும். உள்ளே செருகும் ரப்பர் கட்டை, போல்ட்டை இறுக்க இறுக்க உப்பிக் குழாயின் உள்சுவரைப் பிடித்துக்கொள்ளும். இடது பக்கம் இதோடு வேலை முடிந்தது. வலது பக்கம் கிரிப் சுழலும், கண்ணாடி சுழலாது. இரண்டும் உரசினால் கையை விட்டாலும் எக்ஸலேட்டர் திரும்பி வராது. வேறோர் இடத்தில் பூட்டிய வண்டி ஒன்று அப்படியே எங்களிடம் வந்தது. பாதை வளையும் முடக்கில் கையை விட்டும் வேகம் குறையாமல் மண்திட்டில் ஏறி நின்றதாக ஓட்டியவர் சொன்னார். மறுபக்கம் பள்ளமாக இருந்திருந்தால்?

அதனால் கிரிப்புக்கும் கண்ணாடியின் அடி வளையத்துக்கும் நடுவே ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி கட்டாயம். பூட்டிய பிறகு ஹேண்டிலை முழுக்க இடதுக்கும் முழுக்க வலதுக்கும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எக்ஸலேட்டரை முறுக்கி விடுங்கள். தானாக 'டக்' என்று மூடிக்கொள்ள வேண்டும். முதலில் இன்ஜினை நிறுத்திவைத்துப் பாருங்கள், அப்புறம் ஓடவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. ஹேண்டில் வெளியே 22 மில்லிமீற்றர் இருந்தாலும் உள்விட்டம் குழாயின் தடிப்பைப் பொறுத்து மாறும். அளக்காமல் வாங்காதீர்கள். பழைய ஹொண்டாக்கள் பலவற்றில் சுவிட்ச் வயர் குழாய்க்குள்ளே ஓடும், நீளமான கட்டையைத் திணித்தால் வயர் நசுங்கும். ஹொண்டாவின் சின்ன வண்டிகளான சி 50, சி 70, சி 90 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அவற்றில் எக்ஸலேட்டர் கேபிளை இழுக்கும் துண்டே ஹேண்டிலுக்குள்தான் நகர்கிறது.

புசல்லாவை பென்லி:
கராஜ் தம்பி சொன்னதைத் திரும்ப வாசியுங்கள். அவசியமான பக்கமே ஆபத்தான பக்கமாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? கடையில் வரும் வட்டக் கண்ணாடிகளில் பல குவிந்தவை. நிறைய இடத்தைக் காட்டும், ஆனால் பின்னால் வரும் பஸ்ஸைச் சின்னதாக்கிவிடும். தூரத்தில் வருகிறது என்று நம்பி வலதுக்கு எடுத்தால் அது முதுகில் நிற்கும். றம்பொடை முடக்குகளில் இறங்கும் தனியார் பஸ்களின் வேகம் உங்களுக்குத் தெரியாததா?

வெளிமடை ரைடர்:
கண்ணாடியே கலங்கித் தெரியும்போது பஸ் சின்னதா பெரியதா என்ற கேள்வியே வராது அண்ணன். சின்னதாகத் தெரிந்தாலும் பஸ் வருகிறது என்பது தெரிகிறதே. தூரத்தை ஒரு வாரத்தில் கண் பழகிக்கொள்ளும். இடது பக்கம் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த அம்மாவின் சாக்கு விஷயத்தை வாசித்த பிறகு இடது முனைக் கண்ணாடி வேண்டும் என்று வாதாட எனக்கு மனம் வரவில்லை. நாளையே என் வண்டியில் இடது பக்கத்தைக் கழற்றிவிட்டுத் தண்டைப் பூட்டுகிறேன்.

கொட்டகலை சிடி:
இன்று அளந்தேன். வேர்னியர் அளவுகோலில் உள்விட்டம் 17 மில்லிமீற்றர், இடது வலது இரண்டும் ஒன்றுதான். சுவிட்ச் வயர் உள்ளேதான் போகிறது, ஆனால் முனையிலிருந்து ஒரு கை அகலத்துக்கு அப்பால். குட்டைக் கட்டை அங்கே எட்டாது.

இடது பக்கம் பழைய தண்டே இருக்கட்டும். வலது பக்கம் மட்டும் முனைக் கண்ணாடி, அதுவும் தட்டைக் கண்ணாடி கிடைத்தால். அசல் கிரிப்பை வெட்ட மனமில்லாததால் புது கிரிப் ஒரு சோடி எடுத்திருக்கிறேன். அப்பாவின் கிரிப் பெட்டியில் இருக்கும்.

புசல்லாவை பென்லி:
இடதை விட்டதற்குச் சந்தோஷம். வலது பக்கம் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. பூட்டத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள்: ஹேண்டிலை முழுக்க வலதுக்குத் திருப்பி, ரெயின்கோட் போட்டபடி உட்கார்ந்து, கண்ணாடி முழங்காலிலோ துணியிலோ தட்டுகிறதா என்று பாருங்கள். மழையில் ஒரு தடவை ஹட்டன் வரை போய் வந்த பிறகு போல்ட்டை மறுபடி பிடித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.