மறு: எச்ச ஓட்டம் என்ற சொல் பற்றி

வணக்கம் ஐயா,

> அணையும் நீரெடுப்பு நிலையமும் தம் பங்கை எடுத்தபின் ஆற்றில் ஓடுவதை 'எச்ச ஓட்டம்' எனலாம்.

எனக்கு ஒப்பவில்லை. பெயரெச்சம், வினையெச்சம் படித்தவர்களுக்குச் சரி. எங்கள் தோட்ட லயத்துப் பக்கம் எச்சம் என்றால் காக்கை போடுவதுதான். அதைக்கூட விட்டுவிடலாம். 'எச்சம்' என்றதும் ஆறு எங்கும் எப்போதும் குறைந்தே போகும் என்றாகிவிடுகிறது. அது உண்மையில்லை.

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயாவாம், வாயில் வருவது பழைய பெயர்தான்). அணை மேலே கோல குபு பாரு பக்கம். அங்கிருந்து தண்ணீர் குழாயில் வருவதில்லை. சிலாங்கூர் ஆற்றிலேயே திறந்துவிட்டு, கீழே எங்கள் பக்கம் பம்பு வைத்து எடுக்கிறார்கள். ஆறுதான் குழாய். 2014 தண்ணீர்ப் பங்கீட்டின்போது கிள்ளானிலிருந்து அக்கா போனில் கேட்டாள்: "உங்க பாலத்தடியில ஆறு ஓடுதா இல்லையா?" ஓடியது. எங்கள் தோட்டத்துப் பாலம் பம்புக்கு மேலாற்றுப் பக்கம் இருக்கிறது. வறட்சியில் அணைக்கும் பம்புக்கும் நடுவில் இயல்பைவிடக் கூடுதலாகக்கூட ஓடும். பம்பைத் தாண்டினால் குறையும். மழைக்காலத்தில் அணை தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும்போது மேலேயும் குறையும்.

> அப்படியானால் 'விடுநீர்' போதுமே தம்பி?

போதாது ஐயா. விடுநீர் என்றால் அணை திறந்துவிடுவது, அது அணை வாசலோடு சரி. வழியில் சேரும் கிளையாறுகளைக் கூட்டி, பம்பு எடுத்ததைக் கழித்தால்தான் கீழே ஓடுவது தெரியும். ஆற்றின் கீழ்ப்பக்கம் கம்போங் குவாந்தானில் மின்மினி அடையும் பெரெம்பாங் மரத்துக்கு அந்தக் கடைசிக் கணக்குதான் முக்கியம். நன்னீர் குறைந்தால் கடலேற்றத்தில் உப்பு மேலே வரும். அந்த மரம் அவ்வளவு உப்பைத் தாங்காது.

அப்புறம், நாளைக்கு ஆறு எப்படி ஓடும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். அணைக்கு முந்தைய அளவையும் பிந்தைய அளவையும் கலந்து சராசரி எடுத்தால் அது எந்த ஆற்றுக்கும் சொந்தமில்லாத எண். முதலில் எடுத்தது, தேக்கியது எல்லாவற்றையும் திருப்பிச் சேர்த்து, திட்டமே இல்லாத ஆற்றை ஏட்டில் மீட்கிறார்கள். பிறகு இருக்கும் திட்டங்களையும் வரப்போகும் திட்டங்களையும் அதன்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். முன்னதற்குக் 'கைபடா ஓட்டம்', பின்னதற்குக் 'கைபட்ட ஓட்டம்' என்பது என் முன்மொழிவு. கூடினாலும் குறைந்தாலும் பொருந்தும். ஆண்டைச் சேர்த்து '2040க்கான கைபட்ட ஓட்டம்' என்றும் எழுதலாம்.

பக்கத்து மாநிலமான பகாங்கின் செமந்தான் ஆற்று நீர் 44.6 கிலோமீட்டர் சுரங்கத்தில் மலை தாண்டி இந்தப் பக்கம் வருகிறதே, அது திரும்பிப் போகாது. அங்கே வேண்டுமானால் உங்கள் 'எச்சம்' பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன்.

ஆற்றில் அணையும் நீரெடுப்பும் கட்டுவதை 'மேற்பரப்பு நீர் மேம்பாடு' என்பதிலும் எனக்குப் பேச்சு உண்டு. மேம்படுவது ஆறில்லையே! 'ஆற்றுநீர்த் திட்டங்கள்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.