மரக் எங்கே என்று கேட்டார்: வீட்டில் கப்ஸா சமைத்தவர்களின் அனுபவங்கள்

தம்மாம் அடுக்களை

கப்ஸா என்கிற அரபு இறைச்சிச் சோற்றை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான்கு மாதமாக என் மனதை அரிக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டுப் பாட்டி அல் அஹ்ஸா பக்கத்துக்காரர். ரமலான் முழுக்க, மக்ரிப் பாங்குக்கு முன்னால் அவர் வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்துவிடும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் உணவையே அவருக்குச் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கினேன். கோழியை நான்காகப் பிளந்து, பட்டை, ஏலம், கிராம்பு, பிரிஞ்சி இலை, தக்காளி போட்டு வேகவைத்தேன். துண்டுகளை எடுத்து ஓவனில் வைத்தேன். பிரியாணிக்கு வடிப்பதுபோல அரிசிக்குத் தனியாக உலை வைத்தேன். கோழி வெந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

ஊற்றிய கையோடு மணி அடித்தது. பாட்டி. ஓவனில் சிவந்துகொண்டிருந்த கோழியைப் பார்த்ததும் என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். வெள்ளைத் தண்ணீரில் வெள்ளை அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. "வேன் அல்மரக்?" என்றார். சாறு எங்கே என்று. நான் தொட்டியைக் காட்டினேன். இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் அருகில் போய், சல்லடையில் ஒட்டியிருந்த ஓர் ஏலக்காயை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்து, மேடை ஓரத்தில் வைத்தார். "மஅலேஷ்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

வாவிக்கரை

வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, தங்கச்சி. நான் மட்டக்களப்பு. குவைத்தில் ஒரு வீட்டில் ஒன்பது வருடம் குசினி வேலை பார்த்தேன். அங்கே இதற்கு மச்பூஸ் என்று பெயர். மேலே ஹஷு தூவுவார்கள்: வெங்காயம், முந்திரிகை வற்றல் (உலர்திராட்சை), கடலைப்பருப்பு. பக்கத்தில் தக்காளியும் மிளகாயும் போட்ட தக்கூஸ்.

நான் போய் மூன்றாவது கிழமை. மாமா (வீட்டு அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மருத்துவமனையில். சமையல் என் கையில். லூமி என்கிற அந்தக் கறுத்துக் காய்ந்த தேசிக்காய் (எலுமிச்சை) எனக்கு அப்போது பழக்கமில்லை. உரலில் போட்டு இடித்துத் தூளாக்கி, கொட்டையோடு அப்படியே சட்டியில் கொட்டிவிட்டேன். சோறு முழுக்கக் கசப்பு. பிள்ளைகள் எழும்பிப் போய்விட்டார்கள். பெரிய பாபா, மாமாவின் தகப்பன், எண்பது வயதிருக்கும், ஒரு சொல் பேசாமல் கடைசிவரை சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை அவர் குசினிக்குள் வந்தார். அந்த வீட்டு ஆண்கள் குசினிப் படியை மிதித்து நான் பார்த்ததில்லை. கையில் ஒரு பிடி லூமி. கதிரையை இழுத்து உட்கார்ந்து, கத்தி நுனியால் ஒவ்வொன்றிலும் இரண்டு துளை போட்டார். ஒன்றை மட்டும் உடைத்து, உள்ளே இருந்த கொட்டைகளை நகத்தால் சுரண்டிக் காட்டி, தலையை இல்லை என்று ஆட்டினார். எனக்கு அரபு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. துளைத்த லூமி எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு எழும்பிப் போனார்.

நடுங்கும் கை அது. கத்தி வழுக்கிவிடுமோ என்று பயந்துகொண்டே நின்றேன்.

ரியாத்தில் 14 ஆண்டு

முதலில் ஒரு திருத்தம். லூமியை உடைத்தால் கசக்கும் என்பது முழு உண்மை இல்லை. கொட்டையை நீக்கிவிட்டுத் தூளாக்கியும் போடுகிறார்கள், கடைகளில் தூளாகவே விற்கிறது. கசப்பு அளவில்தான் வருகிறது. ஒரு கோழிக்கு இரண்டு லூமி போதும், நான்கு போட்டால் எப்படித் துளைத்தாலும் கசக்கும்.

என் அனுபவம் சிறியது. மேலாளர் வீட்டில் முதல் தடவை சாப்பிட்டபோது அவர் கைப்பிடி அளவு சோற்றை எடுத்து உயர்த்தி விரல்களைத் திறந்தார். மணி மணியாக உதிர்ந்தது. அன்றிலிருந்து வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் முயன்று வருகிறேன்.

தம்மாம் சகோதரி, நீங்கள் ஊற்றியது தண்ணீர் அல்ல, கப்ஸாவையேதான். 'கபஸ' என்றால் அழுத்துவது, அமுக்குவது. எல்லாவற்றின் சாரத்தையும் ஒரே பாத்திரத்தில் அமுக்குவதால் அந்தப் பெயர். ஆகவே இனி இப்படிச் செய்யுங்கள். 1,200 கிராம் கோழி, தோலோடு. இரண்டு வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும் வரை வதக்குங்கள். மரக்கின் நிறம் அங்கேதான் பிறக்கிறது, மஞ்சள் தூளில் அல்ல. முழு மசாலா, பிறகு கோழி, தோல் பக்கம் கீழே. இரண்டு தக்காளி, ஒரு கரண்டி தக்காளி விழுது, பஹாராத் ஒரு மேசைக்கரண்டி. பஹாராத் கடைப் பொடியாக இருந்தால் மிளகு, மல்லி, சீரகம், ஏலம், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் இருக்கிறதா என்று பாருங்கள். நம் கரம் மசாலாவை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள், சோம்பின் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். இஞ்சியை நம் பிரியாணிபோல் அள்ளிப் போடாதீர்கள், புதினா வேண்டவே வேண்டாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர், சிறு தீயில் 40 நிமிடம். கோழியை எடுத்துக் குங்குமப்பூ நீர் தடவி 220 டிகிரியில் தோல் சிவக்கும்வரை வையுங்கள். மரக்கை வடிகட்டி அளந்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் ஊறிய சாதாரண பாஸ்மதி ஒரு கப்புக்கு மரக் ஒன்றரை கப். செல்லா அரிசியை (புழுங்கல் பாஸ்மதி) ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, இரண்டு கப்புக்குச் சற்றுக் குறைவாக. அரிசி போடும் முன் மரக்கைச் சுவைத்துப் பாருங்கள். குடிக்க உப்புச் சற்றுக் கூடுதலாகத் தெரிய வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து திறந்து கிளறாதீர்கள். தீயை அணைத்தபின் பத்து நிமிடம் தொடாதீர்கள். சூப் கட்டி போடாதீர்கள். அது மரக்கை ஏமாற்றுவது.

தோஹா மாடிவீடு

சவூதியின் தேசிய உணவையே தொட்டியில் ஊற்றிவிட்டீர்களே சகோதரி, படிக்கும்போது நெஞ்சு பதைத்தது!

எனக்கு நடந்தது மந்தியில். கப்ஸாவுக்கு அக்கா, தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியில் புகை போடுவதற்காக, சோற்றின் நடுவே ஒரு சிறு கிண்ணத்தில் கனலும் கரித்துண்டை வைத்து நெய் விட்டு மூடினேன். திறந்தபோது புகை மேலே போய், கட்டடம் முழுக்க அபாய மணி அலறியது. ஆகஸ்ட் மாதம், இரவு பத்து மணி, ஏழு மாடிக் குடும்பங்களும் தெருவில். குழந்தைகள் அழுதார்கள். நான் ஒவ்வொருவரிடமாகப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்றாம் மாடியில் ஒரு யேமன் பெரியவர். அவரிடம் போனபோது என் சட்டைக் கையைப் பிடித்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "மந்தி?" என்றார். ஆமாம் என்றேன். "ஸமுர் விறகா?" என்றார். இல்லை, கடைக் கரி என்றேன். வியர்த்துக்கொண்டே வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று, ஹள்ரமவ்த்தில் அவர் ஊர்க் குழியடுப்பைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார்: கீழே விறகுக் கனல், அதன்மேல் சோற்றுப் பானை, அதற்கும் மேலே தொங்கும் இறைச்சி, கொழுப்பு சொட்டுச் சொட்டாகச் சோற்றில். மேலே மூடி, மூடியைச் சுற்றி மண். பனித்துளிக்கான 'நதா' என்ற சொல்லிலிருந்துதான் மந்தி வந்தது என்றார். மணி நின்று எல்லோரும் மேலே போன பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக ஊருக்குப் போகவில்லையாம்.

வீட்டுக்குள் யாரும் கரி மூட்டாதீர்கள். புகையைவிடக் கண்ணுக்குத் தெரியாத வாயு ஆபத்தானது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது.

ரியாத்தில் 14 ஆண்டு

தோஹா நண்பரே, கப்ஸா தேசிய உணவு என்று எல்லோரும் சொல்வதுதான். ஆனால் 2023 ஜனவரியில் சவூதி சமையற்கலை ஆணையம் தேசிய உணவாக அறிவித்தது ஜரீஷை. உடைத்த கோதுமையில் செய்வது. இனிப்புக்கு மக்ஷூஷ். கப்ஸாவுக்கு அந்தப் பட்டம் இல்லை.

வாவிக்கரை

தம்பி, பட்டம் இருக்கட்டும். சூப் கட்டி பற்றிச் சொன்னீர்களே, அதற்குத்தான் வருகிறேன். ஒன்பது வருடத்தில் இரண்டு வீடு, எத்தனையோ விருந்து. இரண்டு வீட்டுக் குசினி அலுமாரியிலும் அந்தக் கட்டி பெட்டி பெட்டியாக இருந்தது. மாமாவே போடுவார். ஐம்பது பேருக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு ஆக்கும் வீட்டில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அங்கே குசினியில் நின்றவள் நான், விருந்துக்குப் போனவர் நீங்கள். லூமி விஷயத்தில் நீங்கள் சொன்ன அளவு சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

காயல் கரை

அளவு கேட்டு இங்கே யாரும் எழுதவில்லை, ரியாத் அண்ணன். அவரவர் மனதில் நிற்பதைச் சொல்லத்தானே வந்திருக்கிறோம்.

என் வாப்பா ஜித்தாவில் 22 வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் ஒரேயடியாகத் திரும்பி வந்தார்கள். வந்த முதல் ஜும்ஆவுக்கு, நானே கப்ஸா ஆக்குகிறேன் என்று உம்மாவை அடுப்படிக்குள் விடவில்லை. பெட்டியில் லூமியும் பஹாராத்தும் கொண்டுவந்திருந்தார்கள். சஹன் என்கிற பெரிய தட்டில் கொட்டி நடுவில் வைத்தார்கள். சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் ஊருக்குப் புதிது இல்லை, கல்யாணக் களறி விருந்து எல்லாம் அப்படித்தான். ஆனால் உம்மாவும் வாப்பாவும் ஒரே சஹனில் உட்கார்ந்து நான் பார்த்த நினைவே இல்லை. வாப்பா வரும் விடுமுறை எல்லாம் விருந்தாளிகளோடு போய்விடும்.

வாப்பா கோழித் தொடையைக் கையால் பிய்த்து, எலும்பை நீக்கி, சதையை மட்டும் சோற்றின்மேல் உம்மா பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். யோசித்துச் செய்ததுபோல் இல்லை, பழக்கத்தில் கை தானாகச் செய்தது. "அங்கே முதலாளி எனக்கு இப்படித்தான் வைப்பார்" என்றார்கள். உம்மா அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அதில் பாதியைப் பிய்த்து வாப்பா பக்கம் தள்ளினார்கள். நாங்கள் மூன்று பிள்ளைகளும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

வாப்பா யாரோடு உட்கார்ந்து, எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது அந்த நாள்வரை எனக்குத் தெரியாது. அனுப்பிய பணம் தெரியும், பெட்டி தெரியும்.

ரியாத்தில் 14 ஆண்டு

மன்னியுங்கள் தங்கையே. என் குடும்பம் ஊரில் இருக்கிறது. வீட்டில் சமைக்கிறேன் என்று சொன்னேனே, அது எனக்கு மட்டும் சமைப்பது. அதனால்தான் அளவிலேயே நின்றுவிட்டேன்.

தம்மாம் அடுக்களை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி வைத்தேன். மரக்கில் ஒரு சொட்டும் வீணாக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்றரை, ரியாத் அண்ணன் சொன்ன கணக்குதான். லூமி மட்டும் கடைசி நேரத்தில் கிடைக்கவில்லை, அது இல்லாமல்தான் செய்தேன். பாட்டியின் தட்டிலேயே வைத்து அவர் பேரனிடம் கொடுத்தனுப்பினேன்.

இன்று காலை தட்டு திரும்பி வந்தது. நிறையக் கலாஸ் பேரீச்சை. அதன் நடுவே ஒரு துணியில் முடிந்த ஆறு லூமி. சுவை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை வரவில்லை. பேரனைக் கேட்டேன். பாட்டி தூங்குகிறார் என்றான்.

வாவிக்கரை

தங்கச்சி, அந்த லூமியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். துளை போட்டு அனுப்பியிருக்கிறாரா?

தம்மாம் அடுக்களை

இப்போதுதான் பார்த்தேன் அக்கா. ஒவ்வொன்றிலும் இரண்டு.