தனித்தனியாகப் பார்த்தால் அழகு, சேர்த்துப் பார்த்தால் குழப்பம்: இணையப் பக்க வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

வெற்றுத்தாள்:
வணக்கம். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இரண்டும் ஓரளவு வரும். வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் அழகாக வந்துவிடுகிறது. சொந்தமாக ஒரு பக்கம் செய்ய உட்கார்ந்தால்தான் வம்பு.

இப்போது ஒரு நாடகக் குழுவுக்குத் தளம் செய்துகொண்டிருக்கிறேன். பட்டன் தனியாக நன்றாக இருக்கிறது. விவரங்களைத் தாங்கும் பெட்டியான கார்டும் அப்படித்தான். மேலே தானாக ஓடும் படங்கள் கூட நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் முழுப் பக்கமாகப் பார்த்தால் ஏதோ இடிக்கிறது. நிறத்தை மாற்றினேன், எழுத்துருவை மாற்றினேன், ஒவ்வொரு முறையும் வேறு விதமாக இடிக்கிறது. குழுவில் ஒருவரிடம் காட்டினால், "நல்லா இருக்கு, ஆனா டிக்கெட் எங்க எடுக்கிறது?" என்கிறார். பட்டன் அவர் கண்ணெதிரேயே இருக்கிறது!

போதாக்குறைக்கு, போனில் திறந்தால் பக்கம் இடமும் வலமும் ஆடுகிறது. எழுத்து சரியான அளவில்தான் தெரிகிறது, ஆனால் விரலால் தள்ளினால் வலப்பக்கம் வெள்ளையாக ஒரு பட்டை.

இதையெல்லாம் எந்த வரிசையில் கற்றுக்கொள்ள வேண்டும்? பக்கத்தை முன்கூட்டியே வரைந்து பார்க்கும் மென்பொருளான ஃபிக்மா படித்துவிட்டுத்தான் வர வேண்டுமா?

கட்டம்கட்டி:
முதலில் போன் பிரச்சினையை முடிப்போம், அது எளிது. எழுத்து சரியான அளவில் தெரிகிறது என்றால், பக்கத்தைப் போனின் அகலத்துக்கு வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் இருக்கிறது என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் போன் உலாவி பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் அகலத்தில் வரைந்து சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். ஆகவே ஏதோ ஒரு பொருள் திரையைத் தாண்டி நீண்டிருக்கிறது.

எது என்று ஊகிக்க வேண்டாம். எல்லா உறுப்புகளுக்கும் சிவப்பில் ஒரு அவுட்லைன் போடுங்கள். பார்டர் வேண்டாம், அது தானே இடம் பிடித்து அளவை மாற்றிவிடும். அவுட்லைன் எதையும் நகர்த்தாது. அப்புறம் உலாவியிலேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் போன் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள், எந்தப் பெட்டி வெளியே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கண்டுபிடித்ததும் இங்கே எழுதுங்கள்.

ஓரவெளி:
நான் வடிவமைப்புப் பக்கத்தைக் கேட்கிறேன். இந்தத் தளத்துக்கு யார் வருவார்கள், என்ன செய்ய வருவார்கள்? இப்போது முகப்பில் மேலிருந்து கீழ்வரை என்னென்ன இருக்கிறது? பதில் எழுதும்போது நிறம், எழுத்துரு எதையும் சொல்லாதீர்கள். என்ன இருக்கிறது என்பது மட்டும்.

வெற்றுத்தாள்:
@கட்டம்கட்டி சிக்கியது! தொடர்பு கொள்ளும் கார்டுதான். கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டில் பக்கம் பக்கமாக இரண்டு பத்தி, ஒவ்வொன்றும் 1எஃப்ஆர், அதாவது ஒரு பங்கு. ஒன்றில் ஒரு நீளமான மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. ஆனால் 1எஃப்ஆர் என்றால் இருக்கும் இடத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டாமா?

@ஓரவெளி வருபவர்கள் பெரும்பாலும் நாடகம் பார்க்க விரும்புபவர்கள். அடுத்த காட்சி எப்போது என்று பார்த்து டிக்கெட் எடுப்பார்கள். சிலர் குழுவை நிகழ்ச்சிக்கு அழைக்க வருவார்கள். முகப்பில்: சின்னம், எட்டு மெனு, ஓடும் ஐந்து படங்கள், வரவேற்புரை, குழுவின் வரலாறு, பழைய நாடகப் படங்கள், பாராட்டுக் கடிதங்கள், அடுத்த காட்சி, டிக்கெட் பட்டன், தொடர்பு. டிக்கெட் பட்டன் ஓடும் படங்களின் மேலேயும் இருக்கிறது. இரண்டாவது படத்தில்.

ஓரவெளி:
"இரண்டாவது படத்தில்." 🙂

கண்ணெதிரே இருந்தும் அவருக்குத் தெரியாததற்குக் காரணம் அதுதான். அவர் பார்த்த நொடியில் நான்காவது படம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். தானாக ஓடும் பெரிய படத்தை நிறையப் பேர் விளம்பரம் என்று நினைத்துத் தாண்டியும் போய்விடுவார்கள். மேலும் 5 நொடிக்கு மேல் தானாக நகரும் எதற்கும் நிறுத்தும் வசதி இருக்க வேண்டும் என்று அணுகல்தன்மை விதிகளான டபிள்யூசிஏஜி சொல்கிறது. என் யோசனை: ஓடும் படங்களை எடுத்துவிடுங்கள். ஒரே படம் போதும்.

உங்கள் பட்டியலை நீங்களே ஒருமுறை படியுங்கள். வருபவர் தேடும் பொருள் எட்டாவது இடத்தில் இருக்கிறது. முன்னால் இருக்கும் ஏழும் குழு தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவது. நீங்கள் எந்த நிறம் போட்டாலும் இது மாறப்போவதில்லை. இடிப்பது நிறம் இல்லை, வரிசை.

எனவே நீங்கள் கேட்ட "எந்த வரிசையில் கற்பது" என்பதற்கு என் பதில்: நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரு வெறும் டெக்ஸ்ட் கோப்பில் பக்கத்தில் வரும் சொற்களை முழுதாக எழுதுங்கள். மாதிரி உரை போடாதீர்கள். "அன்புடன் வரவேற்கிறோம்" போன்றதை வெட்டுங்கள். நாடகத்தின் பெயர், தேதி, நேரம், அரங்கம், கட்டணம், டிக்கெட் இணைப்பு: இது முதல் திரையில் வரட்டும். அழைக்க வருபவருக்கு ஒரு பத்தி. வரலாறு வேறு பக்கத்துக்குப் போகட்டும். எட்டு மெனு தானாகவே நான்காகும். நான்கு என்றால் மூன்று கோடு ஐகானுக்குள் ஒளிக்கவே தேவையில்லை, போனிலும் வெளியே தெரியும்படி வைக்கலாம்.

அதை எந்த அலங்காரமும் இல்லாமல் எச்டிஎம்எல் ஆக்கிப் போனில் பாருங்கள். அந்த நிலையிலேயே ஒருவர் டிக்கெட் எடுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் கருப்பு வெள்ளையிலேயே எழுத்தின் அளவு, கனம், இடைவெளி இவற்றை மட்டும் வைத்து எது முக்கியம், எது அடுத்தது என்று காட்டிப் பாருங்கள். இதில்தான் நீண்ட நேரம் உட்கார வேண்டும். இடைவெளிக்கு 4, 8, 16, 24, 32, 64 பிக்சல் என்று சில அளவுகளை முடிவு செய்துகொண்டு, வேறு எண்ணைத் தொடாதீர்கள். ஓரிடத்தில் 13, இன்னோரிடத்தில் 19 என்று இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஒழுங்கில்லை என்பது உறுத்தும். தலைப்புக்கும் அதன் பத்திக்கும் இடையே குறைவாகவும், அந்தத் தலைப்புக்கும் மேலே முடிந்த பத்திக்கும் இடையே அதிகமாகவும் விடுங்கள். இந்த ஒன்றே பாதிப் பக்கங்களைக் காப்பாற்றிவிடும்.

கட்டம்கட்டி:
@வெற்றுத்தாள் 1எஃப்ஆர் விஷயம் நிறையப் பேரைச் சுற்றவிடும். அதன் உள்ளர்த்தம் மின்மேக்ஸ்(ஆட்டோ, 1எஃப்ஆர்), அதாவது குறைந்த அகலம் ஆட்டோ, அதிக அகலம் 1எஃப்ஆர். அந்த ஆட்டோ, "உள்ளே இருக்கும் உடையாத நீளச் சொல்லைவிடக் குறுகமாட்டேன்" என்று அடம்பிடிக்கும். மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுதுங்கள், சமமாகப் பிரியும். ஆனால் முகவரி அப்போதும் பெட்டிக்கு வெளியே வழியும். அதற்கு, இடம் போதாத நீளச் சொல்லை மட்டும் உடைக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் என்பதற்கு எனிவேர் கொடுங்கள். வேர்ட்-பிரேக்கில் பிரேக்-ஆல் போடச் சொல்லும் பதில்கள் நிறையக் கிடைக்கும். போடாதீர்கள். அது சாதாரணச் சொற்களையும் கண்ட இடத்தில் வெட்டிவிடும்.

உண்மையில் போனில் அந்த இரண்டு பத்தியே வேண்டாம். சிஎஸ்எஸ்ஸை முதலில் ஒரே பத்தியாக எழுதி, அகலம் கூடும்போது மட்டும், திரை அகலத்துக்கு ஏற்ப விதி மாற்றும் மீடியா குவரியில் இரண்டாக்குங்கள்.

மைப்பொட்டு:
ஓரவெளி சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். வங்கிப் படிவம் என்றால் கருப்பு வெள்ளையில் தொடங்கலாம். இது நாடகக் குழு. பார்த்ததும் ஒரு மனநிலை வர வேண்டும். நிறத்தைக் கடைசியில் தடவினால் தடவிய மாதிரிதான் இருக்கும். அடுத்த நாடகத்தின் சுவரொட்டி ஒன்று இருக்குமே? அதை முதல் நாளே பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஓரவெளி:
சுவரொட்டியைப் பக்கத்தில் வைப்பதில் எனக்கும் மறுப்பு இல்லை, சொல்லப்போனால் நல்ல யோசனை. ஆனால் அதிலிருந்து ஒரே ஒரு அழுத்தமான நிறத்தை எடுத்து, சொடுக்கக்கூடிய இடங்களில் மட்டும் போடுங்கள். டிக்கெட் பட்டனும் சிவப்பு, தலைப்பும் சிவப்பு, கோடும் சிவப்பு என்றால் பட்டன் மறுபடி காணாமல் போகும்.

மைப்பொட்டு:
அது சரி. படத்துக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள், மேடைப் படத்தில் நிறம் பொங்கட்டும்.

குறில்நெடில்:
தமிழ் உரை என்பதால் சில விஷயங்கள். ஆங்கிலத்துக்கு எழுதிய சிஎஸ்எஸ்ஸை அப்படியே எடுத்தால் வரிகள் நெருக்கியடிக்கும். நம் எழுத்தில் மேலே இகரக் கொக்கியும் புள்ளியும், கீழே உகர வாலும் வரும். வரியின் உயரமான லைன்-ஹைட்டை எழுத்தளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வரை வைத்துப் பாருங்கள். பத்தியை இருபுறமும் நேராக்கும் ஜஸ்டிஃபை வேண்டாம். நம் சொற்கள் நீளம், போனின் குறுகிய அகலத்தில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். எழுத்துகளுக்கு இடையிலான லெட்டர்-ஸ்பேசிங்கையும் தொடாதீர்கள்.

நீங்கள் எடுத்த எழுத்துருவில் தடித்த எடை உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உலாவி தானே போலியாகத் தடிமனாக்கும், ண, ணு, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டிலும் பல எடைகள் உண்டு. ஒரு குடும்பம், இரண்டு எடை, போதும். அப்புறம் எச்டிஎம்எல் டேகில் மொழி தமிழ் என்று குறியுங்கள், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் சரியான குரலை எடுக்க அது உதவும்.

சாம்பல் எழுத்து எங்கேயாவது வைத்திருக்கிறீர்களா? பழக்க தோஷத்தில் எல்லோரும் வைப்பார்கள்.

வெற்றுத்தாள்:
இருக்கிறது. தேதி, நேரம் இரண்டும் வெள்ளையில் #999999. மென்மையாகத் தெரியும் என்று போட்டேன்.

குறில்நெடில்:
வெள்ளைப் பின்னணியோடு அதன் ஒளி வேறுபாடு 2.85:1 தான். சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜி கேட்பது குறைந்தது 4.5:1. 24 பிக்சலோ அதற்கு மேலோ உள்ள பெரிய எழுத்துக்கு 3:1. #767676 என்ற இன்னும் கருத்த சாம்பல் போட்டால் 4.54 வரும், அதற்கு மேல் வெளிறவிட வேண்டாம். அதைவிட, தேதி எதற்கு மென்மையாக இருக்க வேண்டும்? வருபவர் தேடுவதே அதைத்தானே.

கட்டம்கட்டி:
ஃபிக்மா கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தேவையில்லை. தாளும் பென்சிலும் போதும், உங்களுக்கு சிஎஸ்எஸ் தெரியும் என்பதால் உலாவியிலேயே வரைந்துவிடலாம். குழுவாக வேலை செய்யும்போது கற்றுக்கொள்ளுங்கள்.

ஓரவெளி:
இன்னொன்று, காட்டும் முறை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் யாரும் சொல்வார்கள். போனைக் கையில் கொடுத்து, "சனிக்கிழமைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். அவர் தடுமாறும்போது உதவத் துடிக்கும். கூடாது. தளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் யாக்கோப் நீல்சன் 2000இல், 5 பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று எழுதினார். ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வருவார் என்ற கணக்கு அது. உங்கள் தளத்தில் அதே எண் வரும் என்று இல்லை. ஆனால் மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றால் நான்காமவருக்குக் காத்திருக்காமல் திருத்துங்கள். குழுவில் இல்லாதவர்களாக இருக்கட்டும்.

வெற்றுத்தாள்:
எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன். பக்கம் ஆடுவது நின்றுவிட்டது. ஓடும் படங்கள் போய், சுவரொட்டி ஒன்று. அதன் கீழேயே நாடகம், தேதி, அரங்கம், பட்டன். குழுவில் கொஞ்சம் முணுமுணுப்பு, வரலாற்றை உள்ளே தள்ளிவிட்டேன் என்று. வெளியாட்களிடம் கொடுத்துப் பார்த்தேன். டிக்கெட் பட்டனை யாரும் தேடவில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் தடுமாறினார்கள். ஒன்று, டிக்கெட் எண்ணிக்கையைக் கூட்டும், குறைக்கும் குறிகள். கூட்டப் போய்க் குறைத்துவிடுகிறார்கள். இரண்டு, பட்டனைத் தொடப் போகும் நேரத்தில் சுவரொட்டி வந்து இறங்கி, பட்டன் கீழே குதித்துவிடுகிறது. எண்ணைத் தட்டச்சு செய்ய பெட்டியைத் தொட்டால் ஐபோனில் பக்கம் பெரிதாகிவிடுவதாக ஒருவர் சொன்னார், அது தனிக் கதை.

கட்டம்கட்டி:
குறிகளின் தொடுபரப்பு சிறியது. டபிள்யூசிஏஜி 2.2 சொல்லும் குறைந்தபட்சம் 24க்கு 24 பிக்சல், ஆனால் விரலுக்கு அது போதாது. ஆப்பிள் 44 சொல்கிறது, ஆண்ட்ராய்டு வழிகாட்டி 48. ஐகானைப் பெரிதாக்க வேண்டாம், அதைச் சுற்றிய உள்வெளியான பேடிங்கைக் கூட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே எண் இருக்கட்டும், பக்கம் பக்கமாக ஒட்டி வைக்காதீர்கள்.

குதிப்பதற்கு: படத்தின் டேகில் அகலம், உயரம் இரண்டையும் எண்ணாக எழுதுங்கள், சிஎஸ்எஸ்ஸில் மேக்ஸ்-விட்த் 100%, ஹைட் ஆட்டோ. படம் வருவதற்கு முன்பே உலாவி விகிதத்தைக் கணக்கிட்டு இடம் ஒதுக்கிவிடும். படக் கோப்பு எவ்வளவு கனம் என்றும் பாருங்கள், கேமராவிலிருந்து வந்ததை அப்படியே ஏற்றியிருந்தால் சுருக்குங்கள். முதல் திரையின் பெரிய பொருள் 2.5 நொடிக்குள் தெரிவதுதான் நல்ல வேகம் என்று கூகிள் வைத்திருக்கும் அளவு.

ஐபோன் கதை: உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் சஃபாரி தானே பெரிதாக்கும். 16 ஆக்குங்கள். சிலர் பெரிதாக்குவதையே தடைசெய்யும் வரியைப் போடச் சொல்வார்கள், கண்பார்வை குறைந்தவர்களுக்கு அது அநியாயம்.

வெற்றுத்தாள்:
மூன்றும் சரியாகிவிட்டன. சுவரொட்டி 6 எம்பி இருந்தது, வெப்பி என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றியதும் 180 கேபி. அடுத்து, குழுவை நிகழ்ச்சிக்கு அழைப்பவர்களுக்கான படிவம். அதில் பதினொரு கேள்வி கேட்கச் சொல்கிறார்கள்…

ஓரவெளி:
அதற்குத் தனி இழை திறங்கள். திறப்பதற்கு முன், எந்தெந்தக் கேள்விகளின் பதிலை முதல் நாளே யாராவது உண்மையில் பயன்படுத்தப்போகிறார்கள் என்று குழுவிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.