பிள்ளையைக் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தகப்பன்:

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் சபை. தாத்தா டி.டி.டி.ஏ. என்கிற எங்கள் திருமண்டலப் பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். அவர் வேலை பார்த்த கிராமத்தில் பள்ளிக்கூடமும் கோயிலும், அதாவது சர்ச்சும், ஒரே கட்டடம்தான்; ஞாயிற்றுக்கிழமை பெஞ்சைத் திருப்பிப் போட்டால் ஆராதனை.

பாளையங்கோட்டையில் கல்லை விட்டெறிந்தால் ஏதோ ஒரு பள்ளி மதிலில்தான் விழும். தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் மகளுக்கு எல்.கே.ஜி.யில் இடம் தேடியபோது உண்மையான ஆக்ஸ்போர்டிலேயே இடம் கிடைத்துவிடும் போலிருந்தது. எங்கள் சபைப் பள்ளியில் கிடைக்கவில்லை. ஆர்.சி. (கத்தோலிக்க) சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி ஒன்றில் விண்ணப்பம் வாங்க விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். கையில் ஞானஸ்நானச் சான்றிதழ், எங்கள் சபைப் போதகரான சேகரகுருவிடம் கெஞ்சி வாங்கிய கடிதம். எனக்கு முன்னால் நின்றவர் நெற்றி நிறைய திருநீறு. பின்னால் நின்றவர் தொப்பி அணிந்திருந்தார். கிறிஸ்தவன் என்கிற ஒரே தகுதியை நம்பி நின்றவன் நான்தான். சிஸ்டர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "நீங்கள் கத்தோலிக்கர் இல்லையே?" என்று சிரித்தார். எப்படியோ இடம் கிடைத்தது. வீடு பக்கத்துத் தெருவில் இருந்ததுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

பிள்ளை விசுவாசத்தில் வளர்வாள் என்றுதான் சேர்த்தோம். ஒரு மாதம் ஆகியிருக்கும். இரவு ஜெபத்தில் கையைக் கூப்பிக்கொண்டு "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று ஆரம்பித்தாள். ஆச்சி சட்டென்று கண்ணைத் திறந்துவிட்டார். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"தான்.

"பரமண்டலம் எப்போது விண்ணுலகம் ஆயிற்று?"

"சிஸ்டர் அப்படித்தான் சொன்னார்கள் ஆச்சி."

முடிக்கும்போது நெற்றி, மார்பு, தோள் என்று தொட்டுச் சிலுவை அடையாளமும் போட்டாள். அன்று ஆச்சி ஆமென் சொல்லவில்லை.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் மத வகுப்பான மறைக்கல்விக்கு எழுந்து போய்விட, என் மகள் இந்து, முஸ்லிம் பிள்ளைகளோடு நீதிபோதனை வகுப்பில் உட்கார்ந்து திருக்குறள் சொல்கிறாள். குறள் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் இதற்காகவா அந்த வரிசையில் நின்றோம் என்று தோன்றாமலும் இல்லை. வருகிற ஜூனில் இளையவனைச் சேர்க்க வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு தாய்:

நாங்கள் உங்கள் வரிசையில் முன்னால் நின்றவர் வகை. கார்த்திகை முதல் தேதி என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார். மகன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது நானும் போடுவேன் என்று அடம்பிடித்தான். கன்னிச்சாமி அல்லவா, குருசாமி கையால் மாலை, கறுப்பு வேட்டி என்று வீடே அவன் பின்னால் ஓடியது. பள்ளிக்குப் போனவன் பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டான். காலில் ஷூ இல்லை என்று பி.டி. சார் வாசலிலேயே நிறுத்திவிட்டாராம்.

கணவர் ஆள் திரட்டிக்கொண்டு போகிறேன் என்று குதித்தார். அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் போனேன். வக்கீலுக்குப் படித்த என் தம்பி அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். அரசு அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் பள்ளியில், பெற்றவர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது, அதில் ஷூவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை!

தாளாளர் ஃபாதர் உட்காரச் சொல்லிவிட்டு, "எத்தனை நாள் விரதம்?" என்று கேட்டார். 41 நாள் என்றேன். "எங்கள் தவக்காலம் 40 நாள்தான். உங்கள் பையன் எங்களைவிட ஒரு நாள் அதிகம் இருக்கிறான்" என்றார். சட்டை, கால்சட்டை சீருடையாகவே இருக்கட்டும், மாலை சட்டைக்குள் இருக்கட்டும், வெறுங்காலோடு வரலாம் என்று முடிந்தது. அந்தத் தாள் என் கைப்பையிலேயே மடங்கிக் கிடந்தது. பி.டி. சார் மட்டும் இரண்டு மாதம் என் மகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் என்ன வீம்பு?

மற்றபடி இவன் பரீட்சையன்று வீட்டில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு, பள்ளியில் மாதா சிலை இருக்கும் கெபியில் மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டுத்தான் கணக்குத் தாளை வாங்குவான். மதிப்பெண் இரண்டு இடத்திலும் வரவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து ஓர் அண்ணன்:

எங்கள் பக்கம் கணக்கு எளிது. பெண்பிள்ளையைப் பெண்கள் பள்ளிக்குத்தான் அனுப்புவேன் என்று வாப்பா பிடிவாதமாக இருந்தார். சிஸ்டர்கள் பள்ளி இல்லாவிட்டால் என் தங்கை எட்டாம் வகுப்போடு நின்றிருப்பாள். இன்று அவள் மகளும் அதே பள்ளி. "சிஸ்டருக்கும் முக்காடு, உனக்கும் முக்காடு, பிறகென்ன?" என்று உம்மா சொல்லித்தான் முதல் நாள் அனுப்பிவைத்தார். பிரார்த்தனை நேரத்தில் என்ன செய்வாய் என்று தங்கை மகளிடம் கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்று மனதுக்குள் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதிக்கொள்வாளாம்.

நாசரேத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை:

34 ஆண்டுகள் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். எல்லோரும் ஜெபத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பெற்றவர்கள் என்னிடம் ஜெபம் கேட்டு வந்ததில்லை. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் டீச்சர்" என்றுதான் வந்தார்கள். கிறிஸ்தவப் பள்ளி என்றால் ஒழுக்கம், ஒழுக்கம் என்றால் அடி என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அடித்துத் திருந்திய ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

தம்பி, நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் மகள் எந்தப் பிரிவில் படிக்கிறாள்? இந்தப் பள்ளிகள் பலவற்றில் ஒரே மதிலுக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. தமிழ் வழியில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. படிப்புக்குக் கட்டணம் இல்லை, மதிய உணவு உண்டு. ஆங்கில வழி சுயநிதி. கட்டணம் நீங்கள்தான் கட்டவேண்டும். கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சிலர் வருவார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அலைய வேண்டாம்.

இன்னொன்று. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத இடஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்; உதவி பெறும் பள்ளியில் படித்தால் கிடையாது. டாக்டர் கனவு இருப்பவர்கள் ஆறாம் வகுப்புக்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவி பெறும் பள்ளிகளும் இப்போது உண்டு, ஆனால் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். டை கட்டிய ஆங்கில வழிப் பிரிவுக்கு இல்லை.

இதையெல்லாம் சேர்க்கை மேசையில் யாரும் விளக்கமாட்டார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

விசுவாசம் பற்றிக் கேட்டீர்கள். திருநெல்வேலிப் பக்கம் பெண்கள் படிப்பதற்காக இங்கிலாந்திலிருந்து பணம் திரட்டி அனுப்பிய சாரா டக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பாளையங்கோட்டையில் அந்தப் பெயருள்ள கல்லூரியில்தான் நான் படித்தேன். அங்கே என் பெஞ்சில் இருந்த மூன்று பேரும் சாமி கும்பிடுகிறவர்கள். அவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள், நானும் அப்படியேதான் இருக்கிறேன். ஆச்சியின் ஜெபத்தைச் சிஸ்டர் சொல்லித்தர வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்? வீட்டில்தான் ஆச்சி இருக்கிறாரே.

மறுபடியும் பாளையங்கோட்டைத் தகப்பன்:

டீச்சர், பிடித்துவிட்டீர்கள். டை கட்டிய பிரிவுதான். தமிழ் வழிக்கு அதே வளாகத்தில் வேறொரு மேசை இருந்தது, அங்கே வரிசையே இல்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தமிழ் வாத்தியார் பேரன் என்று எதற்கு வெளியே சொல்லிக்கொள்கிறேனோ.

ஆச்சி இப்போது சமாதானமாகிவிட்டார். மகள் இரவில் முதலில் பரமண்டலத்தைச் சொல்கிறாள், பிறகு விண்ணுலகத்தை. ஆச்சி முதலாவதற்கு மட்டும் ஆமென் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறார்.

இளையவனுக்கு இந்த முறை அந்த ஆள் இல்லாத மேசைக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மேலப்பாளையத்து அண்ணன், கோவில்பட்டி அக்கா, தமிழ் வழியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் உங்கள் உறவில் யாராவது இருந்தால் எழுதச் சொல்லுங்கள். என் மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டும்.