புதுப்பிப்பு: இரண்டு நிமிடத் தாமதத்தின் காரணம் சிக்கியது

பிரவுசரில் சட்டென்று திறக்கும் தளம், என் பைதான் ஸ்கிரிப்டில் மட்டும் இரண்டு நிமிடம் தொங்கிவிட்டு வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

இணைய முகவரிகளில் ஐபிவி4 என்ற பழைய வகையும், ஐபிவி6 என்ற புதிய வகையும் உண்டு. வீட்டு ரவுட்டர் ஐபிவி6 முகவரி தருகிறது, ஸ்கிரிப்டும் முதலில் அதில்தான் முயல்கிறது. ஆனால் அந்த வழியில் போகும் பாக்கெட் (தரவுத் துண்டு) எதற்கும் பதிலே இல்லை. "முடியாது" என்று பதில் வந்திருந்தால்கூட உடனே ஐபிவி4-க்குத் தாவியிருக்கும். மௌனம்தான் வில்லன். ஸ்கிரிப்ட் ஓடும் லினக்ஸ் இயல்பாகப் பலமுறை மறுபடி தட்டிப் பார்த்து, இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் கழித்துத்தான் கைவிடும். பிரவுசருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கால் விநாடி போல பார்த்துவிட்டு ஐபிவி4-லும் முயலும். முந்தி இணைவது எதுவோ அதுதான். இதற்கு 'ஹேப்பி ஐபால்ஸ்' என்று பெயராம், யார் வைத்தார்களோ!

இப்போதைக்கு ஸ்கிரிப்டில் கனெக்ட் டைம்அவுட் (இணைப்புக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) 3 விநாடி வைத்தேன், சரியாக ஓடுகிறது. ஐபிவி6-ஐ அடியோடு அணைக்க மனம் வரவில்லை. ரவுட்டர் பக்கம் அப்புறம்தான் பார்க்க வேண்டும்.